பனிக்காலத்தில் ஒரு ரந்துலின்

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், கிரௌபுண்டன் மாநிலத்தைச் சேர்ந்த கீழ் எங்காடின் பள்ளத்தாக்கில், இன் ஆற்றின் இடக்கரைக்கு மேலே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில், வெயில் நன்றாக விழும் மலைத்திட்டு ஒன்றின்மீது அமைந்த சிற்றூர் சென்ட். பயணக் கையேடுகள் அதை அதன் அண்டை இடங்களைக் கொண்டே அறிமுகப்படுத்துகின்றன. பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டிவிடும் ஷ்குவோலிலிருந்து மொட்டா நலுன்ஸ் பனிச்சறுக்குத் தளத்துக்கு 1956 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. ஆற்றோடு கீழே போய்க் கிளைவழி ஏறினால் ஆஸ்திரியாவின் இஷ்கிளோடு இணைந்த சம்னௌன் தளம், மேற்கே மலையைக் குடைந்த சுரங்கத்தைக் கடந்தால் க்ளோஸ்டர்ஸும் தாவோஸும், ஆற்றோடு மேலேறினால் 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய செயின்ட் மோரிட்ஸ். இத்தனை பெருந்தளங்களுக்கு நடுவே அமைதியாக ஒதுங்கி இருப்பதே சென்ட்டின் சிறப்பு என்று விருந்தினருக்குச் சொல்லப்படுகிறது. அவ்வூரில் பிறந்து, வேற்று நாட்டில் பிழைத்து, நெடுங்காலம் கழித்து ஒரு பிப்ரவரியில் திரும்பி வந்த ஒருவருக்கோ அந்த அமைதிதான் ஊரில் அறிமுகமில்லாத ஒரே பொருளாக இருந்தது.

ஊரை விட்டுப் போவது இப்பள்ளத்தாக்கில் புதுச் செய்தி அன்று. இன்றைய கிரௌபுண்டனுக்கு முன்னோடியான மூன்று கழகங்களின் கூட்டரசு 1603இல் வெனிஸ் குடியரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், எங்காடின் ஆண்கள் வெனிஸுக்குச் சென்று இனிப்புப் பண்டத் தொழிலில் வேரூன்றினர்; 1766இல் வெனிஸ் அவர்களை வெளியேற்றியபோது, இத்தாலியின் பிற நகரங்களுக்கும் பெர்லின், வார்சா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் பரவிக் கேக் கடைகளும் காப்பிக் கடைகளும் நடத்தினர். கோடையில் மட்டும் குடும்பத்தோடு வந்து தங்கிச் செல்லும் இவர்களையும் இவர்களின் வழித்தோன்றல்களையும் ஊரார் ரந்துலின்கள் என்றனர். வல்லாடர் எனப்படும் கீழ் எங்காடின் ரோமாஞ்சு மொழியில் அது தகைவிலான் குருவியின் பெயர். சென்ட்டில் இன்று எல்லோரும் நின்று படமெடுக்கும் வீட்டு முகப்புகள், அதாவது கூரையோரம் நேர்கோடாக இறங்காமல் அலையலையாக வளைந்து இறங்கும் பரோக் பாணிச் சுவர்கள், இந்த வெளியூர்ப் பணமும் வெளியூரில் கண்ட ரசனையும் இல்லாமல் எழுந்திருக்குமா என்பது ஐயமே. கவிஞர் பைடர் லான்சல் (1863–1943) இத்தகைய குடும்பம் ஒன்றில் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தவர். ரோமாஞ்சுக்கு நான்காம் தேசிய மொழி என்னும் தகுதியை 1938இன் பொதுவாக்கெடுப்பு 90 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவோடு வழங்கியதற்கு முன்நின்று உழைத்தோருள் ஒருவர். ஊரோடு இருந்தவர்களுக்கு நிகராக, ஒருவேளை அவர்களைவிடவும் உரக்க, ஊரை விட்டுப் போனவர்கள் ஊர்மொழிக்காகப் பேசினர் என்பது தமிழ் வாசகருக்கு வியப்பளிக்காது.

ரந்துலின்கள் வந்தது கோடையில். ஆகவே அவர்கள் விட்டுச்சென்ற ஊர்நினைவும் பெரும்பாலும் கோடை நினைவே. குளிர்காலத்தில் வருவது எளிதாகவும் இருக்கவில்லை. 2,383 மீட்டர் உயரத்து ஃப்ளூயலா கணவாய்ச் சாலை பனிக்காலத்தில் அடிக்கடி மூடப்பட்டுவிடும். ஆல்புலா ரயில்பாதை வழியாக மேல் எங்காடின் சென்று, அங்கிருந்து 1913இல் திறக்கப்பட்ட கிளைப்பாதையில் ஷ்குவோல்வரை இறங்க வேண்டும். 1999 நவம்பரில் 19 கிலோமீட்டர் நீளமுள்ள வெரைனா சுரங்கம் திறக்கப்பட்டு, கார்களையே ரயிலில் ஏற்றி மலைக்கு அடியில் கொண்டுவரும் ஏற்பாடு வந்ததும், சூரிக்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்றாயிற்று. சுரங்கம் திறப்பதற்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தவருக்கு, வராமல் இருந்ததற்குத் தொலைவைக் காரணம் காட்டும் வழியும் அதோடு அடைபட்டுப்போனது.

மனிதர், மாடு, உலர்புல் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கட்டப்பட்டது எங்காடின் வீடு. தெருவைப் பார்த்த அகன்ற வளைவுக் கதவின் வழியே புல்வண்டி நேரே உள்ளே நுழைந்து, சுலேர் எனப்படும் நீண்ட கூடத்தின் ஊடாகப் பின்கட்டிலுள்ள களஞ்சியத்துக்குப் போகும். கூடத்தின் ஒரு பக்கமாக ஸ்டூவா எனப்படும் மலைப்பைன் பலகை வேய்ந்த அறையும், சமையற்கட்டும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியை வைக்கும் குளிர்ந்த சேமிப்பறையும் வரிசையாக இருக்கும். ஸ்டூவாவின் அடுப்புக்கு விறகு அறைக்கு வெளியிலிருந்தே இடப்படுவதால் உள்ளே வெப்பம் வரும், புகை வராது. சுவர்கள் தடித்தவை, சன்னல்கள் வெளியே அகன்று உள்ளே குறுகி, கிடைக்கும் வெளிச்சத்தை அள்ளி அறைக்குள் தள்ளுமாறு சாய்வாக வெட்டப்பட்டவை. வெளிச்சுவரில் காணப்படுவது ஸ்கிராஃபிட்டோ, அதாவது கருநிறச் சாந்தின்மேல் சுண்ணாம்பு பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேற்பூச்சைச் சுரண்டி உருவம் எடுக்கும் வேலை. திரும்பி வந்தவரின் பிறந்த வீடும் இத்தகையதே. அதன் கதவு நிலையில், முழங்கால் உயரத்தில், வண்டியின் அச்சு தலைமுறை தலைமுறையாக உரசிய பள்ளம் அப்படியே இருக்கிறது. மரம் அங்கே மட்டும் மெழுகு பூசினாற்போல் பளபளக்கிறது. உள்ளே சுலேரில் வண்டி நின்ற இடத்தில் ரப்பர் விரிப்பும், சறுக்குமட்டைகளைச் சாய்த்து வைக்கும் சட்டமும், ஈரக் காலணிகளைக் காயவைக்கும் மின்கருவியும் இருந்தன. பெற்றோர் காலத்துக்குப் பின் வீட்டைக் கவனித்துவந்த தமக்கை, மேல்தளத்தை வார வாடகைக்கு விருந்தினருக்கு விட்டிருந்தார்.

அவ்விருந்தினர் விரும்பி வரும் அமைதிக்கு வயது அதிகமில்லை. கால்நடைகளை நம்பி வாழ்ந்த காலத்தில் ஆல்ப்ஸ் ஊர்களின் குளிர்காலம் ஓசை நிறைந்தது. கோடையில் வெட்டி மலைக்கொட்டில்களில் சேர்த்த புல்லையும் விறகையும் பனி விழுந்த பின்னரே சறுக்குவண்டிகளில் இறக்க முடியும். பன்றி அறுப்பதும் பனிக்காலத்தில்தான். வீட்டுக்கு அடியிலேயே கட்டியிருந்த மாடுகள் நாளுக்கு இருமுறை தெருமுனை நீரூற்றுத் தொட்டிக்கு ஓட்டிவரப்படும். மாட்டுத்தொழுவங்கள் ஊருக்கு வெளியே பெயர்ந்தன, இளையோர் சிலர் வேலை தேடிப் போயினர், 1921இல் தீக்கு இரையாகி மீண்டும் கட்டப்பட்ட பகுதி உட்பட ஊரின் பல வீடுகளின் பலகணிகள் ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கத் தொடங்கின. அதன் பிறகு மிஞ்சியதற்கே அமைதி என்று பெயர். மார்ச் முதல் நாளில், பள்ளிப் பிள்ளைகள் மாட்டுமணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீரூற்றுகளைச் சுற்றிக் குளிர்காலத்தை விரட்டும் சலாண்டமார்ஸ் விழாவன்று, பழைய ஓசையின் ஒரு பங்கு திரும்பி வரும்.

இதனால் பனிச்சறுக்குத் தொழிலைப் பழிப்பது பொருந்தாது. மொட்டா நலுன்ஸின் உச்சிப்பகுதியான சலனிவாவிலிருந்து புறப்படும் பத்துக் கிலோமீட்டர் அளவிலான சறுக்குப்பாதை, பகலெல்லாம் மேலே இருந்தவர்களை மாலையில் சென்ட்டின் வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது. கடையும் உணவகமும் பேருந்தும் நிலைத்திருப்பதற்கு அவர்களின் செலவு காரணம். அப்பணத்தைச் சுற்றி வேறொரு குடிபெயர்வும் நடந்திருக்கிறது. பிறநாட்டு அடுப்படிகளுக்கு ஆள் அனுப்பிய பள்ளத்தாக்கின் விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் இன்று போர்த்துக்கீசியர் கணிசமாக உள்ளனர். 1980களில் சுவிட்சர்லாந்தின் நகரங்களுக்கு ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழர் பலரும் முதலில் நுழைந்தது உணவகங்களின் சமையற்கட்டில்தான். தொடக்கப்பள்ளியில் ரோமாஞ்சே பயிற்றுமொழி என்பதால் போர்த்துக்கீசியப் பிள்ளைகள் வல்லாடரைச் சரளமாகப் பேசுகின்றனர். நீரூற்றருகே ஒரு சிறுமியிடம் வழி கேட்டவருக்கு, அவருடைய நாவில் தயங்கி வந்த தாய்மொழிக்கு, தயக்கமற்ற அதே மொழியில் விடை கிடைத்தது.

அவர் ஊருக்கு வந்ததற்கு உடனடிக் காரணம் வீட்டின் பாகப்பிரிவினை, அதாவது அதை விற்றுப் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்வி. மொத்தக் குடியிருப்புகளில் இரண்டாம் வீடுகள், அதாவது உரிமையாளர் நிலையாகக் குடியிராத விடுமுறை வீடுகள், 20 விழுக்காட்டைத் தாண்டிய ஊராட்சிகளில் அத்தகையவற்றைப் புதிதாகக் கட்டுவதை 2012 மார்ச் 11இல் நடந்த நாடுதழுவிய வாக்கெடுப்பு 50.6 விழுக்காட்டு ஆதரவோடு தடுத்தது. மலையூர்களைக் காப்பதற்காக வந்த இவ்விதி, அந்நாளுக்கு முன்பே இருந்த வீடுகளை விடுமுறை வீடாக விற்பதைத் தடுக்கவில்லை. ஆகவே புதியது கட்ட முடியாத பணம் பழையதைத் தேடி வருகிறது, அந்த விலைக்கு உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றால் ஈடுகொடுக்க இயலாது. 2015இல் சென்ட் தன் தனி ஊராட்சியை இழந்து ஷ்குவோலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பத்திர வேலைக்கும் பேருந்து ஏறித்தான் போக வேண்டும். தமக்கையும் தம்பியும் பல மாலைகள் ஸ்டூவாவில் உட்கார்ந்து பேசியதில், இப்போதைக்கு விற்பதில்லை என்று முடிவாயிற்று. மேல்தளம் வழக்கம்போல் விருந்தினருக்கு. கீழ்த்தளம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள ஒரு போர்த்துக்கீசியக் குடும்பத்துக்கு ஆண்டு வாடகைக்கு. சுலேரில் சறுக்குமட்டைச் சட்டம் நிற்பதா, பிள்ளைகளின் மிதிவண்டிகள் நிற்பதா என்பதில் மட்டும் தமக்கைக்கும் புதுக் குடித்தனக்காரருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.