இடிக்கும் முன் ஒரு வார்த்தை

களக்காடு சத்தியவாகீசுவரர் கோயிலில் தட்டினால் இசைக்கும் கல்தூண்கள் உண்டு. அங்கே திருப்பணி என்றால் அறநிலையத் துறையின் வல்லுநர் குழு பார்த்து ஒப்புதல் தரவேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்ததில் சிற்பங்களின் மூக்கும் விரலும் தேய்ந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

ஆனால் ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகளை யார் கேட்பது? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொரிந்து, செங்கல் மாவாக உதிரும். பழைய கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. சென்னை, மதுரையோடு நிற்காமல் நம் ஊர் போன்ற சிற்றூர்களின் தெருக்களையும் அந்த ஆணையம் பார்க்கவேண்டும்.

அதுவரை, திண்ணையை இடிக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் ஒருமுறை காட்டுங்கள்.