கையைத் தூக்குடா!

என்னிடம் குத்துச்சண்டை பழகிய பிள்ளைகளுக்குத் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும். மைதானத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை நான் கத்திய வார்த்தை அது.

ரிட்டயர் ஆன பிறகு பேரன் புண்ணியத்தில் யூஎஃப்சி சண்டை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. குத்து, உதை, மல்யுத்தம், கழுத்தை நெரிப்பது எல்லாம் கலந்த எம்எம்ஏ. (கூண்டுக்குள் சேவல் சண்டை என்பது வீட்டம்மாவின் கருத்து.) போன மாதம் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குக் குத்தவே தெரியவில்லை, என் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இதைவிட நன்றாக ஜாப் போடுவார்கள்" என்று இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். நிறையப் பேர் லைக் போட்டீர்கள். ஒருவன் மட்டும் போன் போட்டான்.

"சார், என்னையும் இப்படித்தான் சொல்லி டீம்லேர்ந்து எடுத்தீங்க."

பெயர் வேண்டாம். அவனோடு படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்த பையன். காலை அகட்டி, இடுப்பைப் பின்னே தள்ளி, இரண்டு கையையும் தொடைக்கு மேலே வைத்துக்கொண்டுதான் நிற்பான். "இது கபடிக் களம் இல்லடா" என்று எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. மாவட்டப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டேன். இப்போது அவன் ஒரு ஜிம்மில் பிள்ளைகளுக்கு எம்எம்ஏ சொல்லிக்கொடுக்கிறானாம். எனக்குத் தெரியவே தெரியாது.

கோபமாகப் பேசவில்லை. "ஜேம்ஸ் டோனி சண்டையைப் பாருங்க சார், அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டான்.

பார்த்தேன். டோனி சாதாரண ஆள் இல்லை. குத்துச்சண்டையில் மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். தோளைத் திருப்பியே எதிராளியின் குத்தை வழுக்கிவிடுவார். 2010 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் ராண்டி கூட்டூர் என்ற மல்யுத்தக்காரரோடு கூண்டுக்குள் இறங்கினார். கூட்டூருக்கு அப்போது வயது 47. ஆரம்பித்த அரை நிமிடத்துக்குள் குனிந்து டோனியின் காலைப் பிடித்துத் தரையில் சாய்த்துவிட்டார். முதல் ரவுண்டு முடிவதற்குள் டோனி கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவ்வளவு அழகான குத்துகளை நின்று விடுவதற்கு அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய சண்டைகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். நான் தப்பு என்று திட்டியதில் பாதிக்குக் காரணம் இருக்கிறது. கையைத் தாழ்த்துகிறார்களே என்றால், காலைப் பிடிக்க வருபவனின் தலையையும் தோளையும் தடுக்க அந்தக் கை கீழேதான் இருக்க வேண்டும். நாம் முகத்தை மூடிக்கொள்வது பெரிய கிளவுஸுக்குப் பின்னால். எட்டு அவுன்ஸ், பத்து அவுன்ஸ். இவர்களுடையது நாலு அவுன்ஸ், விரல்கள் வெளியே. அதை முகத்தோடு ஒட்டி வைத்தால் இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும். நான் பாடாய்ப்பட்டுச் சொல்லிக்கொடுத்த 'குனிந்து தப்பி' இங்கே செய்தால் முழங்கால் முகத்தில் ஏறும். முன்காலில் எடையைப் போட்டு நின்றால் கெண்டைக்காலில் உதைப்பார்கள். நாலைந்து உதை சரியாக விழுந்தால் பாதம் மரத்துப்போய், ஊன்றவே முடியாது. நாலு குத்தைச் சேர்த்துப் போட ஒரே இடத்தில் நின்றால், மூன்றாவது குத்துக்குள் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிடுவான். அதனால்தான் ஒற்றைக் குத்து, உடனே விலகல்.

அதற்காக நான் முழுதாகத் தோற்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கானர் மெக்ரெகர் 2015-இல் ஜோஸே ஆல்டோவை 13 வினாடியில் ஒரே இடது கைக் குத்தில் சாய்த்தவர். கூண்டுக்குள் அவருடையது பொன்னான கை. அதே கையோடு 2017-இல் ஃபிளாய்ட் மேவெதருடன் குத்துச்சண்டை வளையத்துக்குள் போனார். முதல் சில ரவுண்டுகள் மேவெதர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெக்ரெகருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் நெருங்கி வந்தார். பத்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்திவிட்டார். ஃபிரான்சிஸ் இங்கானு கதை இன்னும் விசேஷம். 2023 அக்டோபரில் டைசன் ஃபியூரியை மூன்றாவது ரவுண்டில் கீழே விழவைத்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். தீர்ப்பு ஃபியூரி பக்கம் போனாலும், அன்றைக்கு எல்லோரும் பேசியது இங்கானுவைப் பற்றித்தான். அடுத்த மார்ச்சில் ஆண்டனி ஜோஷுவா அவரை இரண்டே ரவுண்டில் நாக்கவுட் செய்தார். வெறும் கையால் மட்டும் என்று வந்தால், சின்ன வயதிலிருந்து கையை மட்டுமே பழக்கியவன் பக்கம்தான் என் ஓட்டு. மல்யுத்தம், உதை, தரைப்பிடி எல்லாவற்றுக்கும் நேரத்தைப் பங்கு போட்டவனிடம் அந்த நேர்த்தியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூண்டுக்குள்ளும் மோசமான குத்து மோசமான குத்துதான். தாடையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கையை வீசுகிறவர்களுக்குக் காலைப் பிடிக்க வருகிறான் என்ற சாக்கு செல்லாது. 2015 நவம்பரில் மெல்போர்னில் ரோண்டா ரௌசி அப்படித்தான் ஹாலி ஹோமிடம் ஓடினார். ரௌசி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவர், எம்எம்ஏவில் அதுவரை தோல்வியே அறியாதவர். ஹோம் பழைய குத்துச்சண்டைச் சாம்பியன். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, வந்த முகத்தில் இடது கையை வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது ரவுண்டில் கழுத்தோரம் ஒரு உதை, முடிந்தது. கவனித்துப் பாருங்கள், குத்தைவிட ஹோமின் கால் நகர்வுதான் பாடம். காலைப் பிடிக்க விடாமல் தள்ளியே நிற்கத் தெரிந்ததால் அவருடைய குத்துச்சண்டை அங்கே செல்லுபடியானது.

இரண்டு வாரம் கழித்து நானே அவனுக்குப் போன் செய்தேன். "உன் நிலை தப்பில்லப்பா. நான் பார்த்த ஆட்டம்தான் வேற" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இல்ல சார், பாக்ஸிங்குக்கு அது தப்புதான். நீங்க எடுத்தது சரி. ஆனா ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வேணும்னே செய்யறேன்னு நினைச்சுட்டீங்க."

கேட்கவில்லை. அதுதான் உண்மை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் ஜிம்முக்கு வரச்சொல்லியிருக்கிறான். "ஜாப் மட்டும் சொல்லிக்குடுங்க சார், பசங்க குத்துறதுக்கு முன்னாடி கையைப் பின்னாடி இழுக்கறாங்க, நான் சொன்னா கேட்க மாட்டேங்கறாங்க" என்கிறான். என் பழைய கிளவுஸ் பரணில் கிடக்கிறது. எலி மிச்சம் வைத்திருக்கிறதா என்று நாளைக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.