பூ கேட்பதற்கு முன்னால்

வைகாசி பிறந்துவிட்டால் கோயில்களில் அர்ச்சனைக்கு நிற்பவர்களின் வேண்டுதல் மாறிவிடுகிறது. தை, மாசியில் திருமணத்திற்கும் புதுமனை புகுவதற்கும் சங்கல்பம் செய்துகொண்டவர்கள், இப்போது பேரன் பேத்தியின் மதிப்பெண் பட்டியலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பட்டியலை அர்ச்சகரிடம் நீட்டி, ‘தாயார் திருவடியில் வைத்துக் கொடுங்கள்’ என்கிறார்கள். எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் விடை இருப்பதில்லை.

நாமக்கல் மாவட்டத்தில், இராசிபுரம் வட்டாரத்து நாமகிரிப்பேட்டையிலும் ஆண்டுதோறும் இதே நிலைதான். தாயாரின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. கொல்லிமலையும் போதமலையும் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சமவெளி மஞ்சளுக்குப் பெயர் பெற்றது. விரலி, உருண்டை, பனங்காளி என ரகம் பிரித்துச் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஏலம் நடக்கும். ஒன்பது, பத்து மாதம் மண்ணுக்குள் இருந்து விளைவது மஞ்சள். அதை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய பிறகும் நல்ல விலைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே அவ்வூர்க் குடும்பங்களில் பிள்ளையின் படிப்புச் செலவைப் பற்றிய பேச்சு, கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற கணக்கில்தான் போய் முடியும்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் சென்ற ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது. பேத்திக்குக் கணிதத்தில் இளங்கலை பயில இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள சிறிய கலைக் கல்லூரி. மற்றொன்று, சென்னைப் பக்கத்தில் பல்லாயிரம் மாணவர்கள் பயிலும் பெரிய பல்கலைக்கழகம். தந்தையின் மனம் பெரிய இடத்தையே நாடியது. ஊரில் நாலு பேர் கேட்டால் சொல்லப் பெருமையாக இருக்கும். தாய்க்கோ மகளை அவ்வளவு தூரம் அனுப்பத் துணிவில்லை. எழுபத்தெட்டு வயதான ஆயா, “குலதெய்வத்துக்கிட்ட பூ கேட்டுரலாம்” என்றார்.

பூ கேட்பது கொங்கு நாட்டுப் பக்கம் வழிவழியாக வரும் வழக்கம். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனியே பொட்டலமாக மடித்து, சன்னிதியில் வைத்து, சிறு குழந்தை ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு கிடைத்ததாகக் கொள்வார்கள். பூசாரியோ அந்த ஆயாவை விட மூத்தவர். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, “ரெண்டு இடத்தையும் போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றார்கள். “நம்மால விசாரிக்க முடிஞ்சதை விசாரிக்கோணும். அதுக்கு மேலயும் தெகைஞ்சு நின்னா அப்பறம் வாங்க, பூ வைக்கிறேன்” என்று சொல்லித் திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. நாமகிரித் தாயாரின் அருளைப் பேசும்போதெல்லாம் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் வரலாற்றைப் பேசாமல் இருக்க முடியாது. அந்த வரலாறு தாயாரின் அருளைச் சொல்வதோடு, ஒரு பிள்ளைக்குச் சிறிய கல்லூரி எதைக் கொடுத்தது, பெரிய பல்கலைக்கழகம் எதைக் கொடுத்தது என்பதையும் தெளிவாகக் காட்டுகிறது.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். தாயார் கோமளத்தம்மாளின் குடும்பத்திற்கு நாமகிரித் தாயாரே இஷ்ட தெய்வம். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். காவிரிக்கரையில் இருந்த அந்தக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றே அக்காலத்தில் புகழ்ந்தார்கள். ஆனால் கலைக் கல்லூரி என்றால் எல்லாப் பாடமும் பயில வேண்டும். கணிதத்திலேயே மூழ்கிய ராமானுஜன் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பின்னர் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது. பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பும் வந்தது. ஆனால் கடல் கடப்பதற்குத் தாய் சம்மதிக்கவில்லை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி, மகனின் பிறவிப் பயனுக்குக் குறுக்கே நிற்காதே என்று பணித்ததாகவும், அதன் பிறகே கோமளத்தம்மாள் விடை கொடுத்ததாகவும் அவரது வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். அவர் சேர்ந்தது கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரி, 1546-இல் நிறுவப்பட்டது. கல்லூரிக்குரிய நெருக்கமும் பல்கலைக்கழகத்திற்குரிய விரிவும் ஒருங்கே அமைந்த இடம். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வளவும் பலர் அறிந்ததே. ஆனால் அதே கேம்பிரிட்ஜில் உலகப் போர்க் காலத்தில், சைவ உணவு கிடைக்காமல், தம் அறையில் தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, 1917-இல் அவர் நோயில் விழுந்தார். மருத்துவமனைகளிலேயே நெடுநாள் கழிந்தது. 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32-ஆம் வயதில் மறைந்தார்.

கும்பகோணத்தில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க ஆள் இருந்தது. எழுதியதைப் படித்து மதிப்பிட ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் எழுதியதை உணர்ந்து போற்ற உலகின் மிகச் சிறந்த அறிஞர் இருந்தார்; வேளைக்கு உண்டாரா என்று பார்க்க வீட்டார் ஒருவரும் இல்லை. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் எந்தக் குடும்பமும் இந்த இரண்டையும் கேட்டாக வேண்டும். பிள்ளையின் அறிவை அடையாளம் காண அங்கே யார் இருக்கிறார்கள்? உடல் வாடினால் அதைக் கவனிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

நாமகிரிப்பேட்டைக் குடும்பம் இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்தது. சிறிய கல்லூரியில் நூலகம் ஒரே கூடம். புத்தகங்களில் பல பழையவை. ஆனால் மதிய வேளையில் ஒரு பேராசிரியர் மூன்று மாணவிகளைக் கரும்பலகை முன் நிறுத்தி, ஒரே கணக்கை மூன்று வழிகளில் போட வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே அழைத்தார். பெரிய பல்கலைக்கழகத்தில் நூலகமே பல மாடிகள். பிற நாட்டு ஆய்விதழ்கள், கணினிக் கூடங்கள், கணிதத்தோடு வேறு துறைப் பாடங்களையும் தெரிவு செய்யும் வாய்ப்பு என அங்கே எல்லாம் இருந்தன. முதலாண்டு வகுப்பு பெரிய அரங்கில், ஒலிபெருக்கியில் நடந்தது. பேத்தி இரண்டு இடத்திலும் நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டாள். தந்தை கல்விக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம் என்று தனித்தனியே கேட்டு மூன்றாண்டுக்கும் கூட்டிப் பார்த்தார். ஆயா மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “புள்ளைக்கு ஒடம்பு முடியாம ரூம்லயே படுத்துக்கிட்டா, யாருக்குங்க மொதல்ல தெரியும்?”

பெரிய இடத்து விடுதிக் காப்பாளர் அந்தக் கேள்விக்குச் சிரிக்கவில்லை. இரவு வருகைப் பதிவேட்டைக் காட்டி, பொறுப்பாக விளக்கினார். சிறிய கல்லூரியில் அந்தப் பேராசிரியர், “மத்தியானத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரும்மா” என்றார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, “ஆனா மூணு வருஷத்துக்கு மேல நீ இங்க இருக்கக் கூடாது. அடிப்படையை இங்க பலமா போட்டுக்கோ. அப்பறம் பெரிய இடத்துக்குப் போயிரணும். எங்ககிட்ட இருக்கிறது அவ்வளவுதான்” என்றார். தம் எல்லையைத் தாமே சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

பட்டத்தின் மதிப்புப் பற்றிய அச்சமும் அன்றே ஓரளவு தெளிந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் பாடம் நடத்துவது கல்லூரி; பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு வரும் முறை இது. சேலம், நாமக்கல் பகுதிக் கல்லூரிகளுக்கு 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. எனவே சிறிய கல்லூரியில் பயின்றவருக்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் முதுகலை வாசல் அடைபட்டுவிடுவதில்லை. நுழைவுத் தேர்வில் தேறினால் போகலாம். அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அதையும் தந்தை கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வீடு திரும்பியபின் யாரும் பேத்தியை நெருக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: “அந்த அரங்கத்துல எனக்குப் புரியலைன்னா எழுந்து கேட்க இன்னும் தைரியம் வரலை. இங்க கேட்பேன். கேட்கப் பழகிட்டு அங்க போறேன்.” தந்தையின் முகம் சற்று வாடியது. கிடங்கில் இருந்த மூட்டைகளை அவசரமாக விற்க வேண்டியதில்லை என்ற ஆறுதலும் அந்த வாட்டத்தோடு கலந்திருந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது ஆயா மகிழ்வார் என்று. பேத்தி அருகிலேயே இருக்கப் போகிறாளே! ஆனால் அவர் மறுநாளே எல்லோரையும் நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்றார். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரை வணங்கிவிட்டு, நரசிம்மரைச் சேவித்து, தாயார் சன்னிதியில் மகனையும் மருமகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். “மூணு வருஷம் கழிச்சு இவ போகோணும்னு சொல்லும்போது, நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, வயசாச்சு, கல்யாணம் பண்ணோணும், தூரம்னு சொல்லி யாரும் தடுக்கக் கூடாது. தாயார் முன்னால சொல்லுங்க” என்றார். இருவரும் சொன்னார்கள். அர்ச்சகர் கொடுத்த துளசியைப் பேத்தியின் கையில் வைத்தார். அதன் பிறகு பூ கேட்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

அருகில் வைத்துக்கொள்வதும் அன்புதான். ஆனால் அருகில் இருக்கப் போகிறவளுக்கு, அவள் புறப்பட வேண்டிய நாளுக்கான விடையை இன்றே கொடுத்து வைப்பதற்குப் பெரிய மனம் வேண்டும். கோமளத்தம்மாளுக்குக் கனவில் வந்த உத்தரவை அந்த ஆயா விழித்திருக்கும்போதே தம் மீது ஏற்றுக்கொண்டார்.

நாமகிரிப்பேட்டையின் பெயரை நாடறியச் செய்தவர் நாகஸ்வர வித்துவான் கிருஷ்ணன். குருவின் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு பிடியாகக் கேட்டுத் திருத்திக்கொண்டு வளர்வது நாகஸ்வரக் கலை. ஒரு குருவும் ஒரு சீடனும் இருக்கும் கூடத்தை விடச் சிறிய கல்விச்சாலை உண்டா? ஆனாலும் அங்கே பயின்றதைப் பெரிய சபையில் வாசித்தால்தான் நாடு கேட்கும். கூடத்திலேயே நின்றுவிட்டால் கலை வெளியே தெரியாது. கூடமே இல்லாமல் சபைக்குப் போனால் சுருதி நிற்காது.

சில பிள்ளைகளுக்கு முதலிலேயே பெரிய இடம் பொருந்தும். அவர்களை அங்கேதான் அனுப்ப வேண்டும். சிலருக்குச் சிறிய கூடம் முதலில் தேவைப்படும். எது எவருக்கு என்பதை ஊரார் பெருமையும் கட்டடத்தின் உயரமும் சொல்வதில்லை. பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, பார்த்து, கேட்டு, அவள் வாயால் சொல்லும்வரை பொறுத்திருந்தால் தெரியும். மதிப்பெண் பட்டியலோடு கோயிலுக்கு வரும் தாத்தா பாட்டிகள் இந்த விசாரணையை முடித்துவிட்டு வந்தால், சன்னிதியில் வேண்டிக்கொள்ள ஒன்றுதான் மீதியிருக்கும்: பிள்ளை எங்கே பயின்றாலும் அவளை அறிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதே அது.