மகள் கொண்டுபோன கலை

பொள்ளாச்சியை அடுத்த ஜமீன் காளியாபுரத்தில் 1920இல் பிறந்த நானம்மாள், 2019 அக்டோபரில் கோவையில் மறைந்தபோது அவருக்கு வயது 99. ‘யோகா பாட்டி’ என்று ஊரே அழைத்த அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சேலைக் கட்டோடு அவர் ஆசனம் செய்யும் படங்களைப் பார்த்தவர்கள் அந்த வயதையும் அந்த உடல் வளைந்து கொடுத்ததையும் கண்டு மலைத்தார்கள். கணபதிப் பக்கமும் கோவையின் பிற பகுதிகளிலும் யோகா கற்றுக்கொடுப்போரின் வேலையைக் கவனித்த எனக்கு, பேச வேண்டியது வேறொன்று என்று படுகிறது. பிறந்த வீட்டில் கற்றதைக் கல்யாணத்தோடு விட்டுவிடாமல், புகுந்த வீட்டில் அதைத் தொடர்ந்து, பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஒப்படைத்தார் ஒரு பெண். அவருடைய குடும்பத்தில் 30-க்கும் மேற்பட்டோர் யோகா ஆசிரியர்கள் ஆனதாகச் செய்திகள் சொல்கின்றன. அதற்குக் காரணம் அவருடைய உடல்வாகு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மகளுக்கும் கற்றுக்கொடுத்த ஒரு வீடும், அதைத் தடுக்காத இன்னொரு வீடும் சேர்ந்துதான் அந்த மரபைக் காப்பாற்றின.

கைத்தொழில் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். வேறொரு வீட்டுக்குப் போகப்போகிறவள் என்பதால் மகளுக்குத் தொழிலின் உள்விஷயம் முழுதாகச் சொல்லப்படுவதில்லை. நானம்மாளின் குடும்பம் சித்த மருத்துவம் பார்த்த குடும்பம். எட்டு வயதில் அப்பாவிடம் ஆசனம் கற்கத் தொடங்கினார் என்பது அவரைப் பற்றிய செய்திகளில் வரும் கணக்கு. அந்தக் காலத்தை வெளியுலகத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அவர் பயின்று வளர்ந்த ஆண்டுகளில்தான் மைசூர் அரண்மனையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். 1930களின் பிற்பகுதியில் இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண் அவரிடம் கற்க வந்தபோது, பெண் என்பதாலும் வெளிநாட்டவர் என்பதாலும் முதலில் மறுத்த அவர், மகாராஜா சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அதே காலத்தில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு, எந்த மகாராஜாவின் சிபாரிசும் இல்லாமல், பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அது அறுபடவில்லை. கணவரும் சித்த வைத்தியம் பார்த்தவர், விவசாயமும் செய்தவர். பத்தியம், மூலிகை, உடலைக் கவனிப்பது எல்லாம் புழங்கிய வீட்டில் மருமகள் காலையில் ஆசனம் செய்வது விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

இப்படி வீட்டோடு வரும் கல்வியில் கைமாறுவது ஆசனங்களின் பட்டியல் மட்டுமாக இருந்தால் அதற்கு ஒரு புத்தகமே போதும். கைமாறுவது பார்வை. பச்சிமோத்தானாசனத்தில் முன்னால் குனிகிறவர் இடுப்பிலிருந்து குனிகிறாரா, முதுகை மட்டும் வளைத்து ஏமாற்றுகிறாரா என்பதை நல்ல ஆசிரியர் பக்கவாட்டில் நின்றபடியே கண்டுகொள்கிறார். “அம்மணி, இழுக்காதீங்க, மூச்ச விடுங்க, தானா இறங்கும்” என்ற ஒரே வாக்கியத்தில் திருத்தமும் தைரியமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஒரே உடலை ஐந்து வயதிலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், முட்டி தேய்ந்த காலத்திலும் பார்த்துவந்தால் தேறும் கண் அது. குடும்பத்துக்குள் கற்பிப்பவருக்கு அந்த வாய்ப்பு தானாகவே அமைகிறது. மூன்று மாத வகுப்பில் வந்துபோகிறவர்களை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு அது அமைவதில்லை. அதிலும் மாதவிடாய், பிரசவம், மாதவிலக்கு நிற்பது என்று மாறிக்கொண்டே வரும் பெண்ணுடலை, அதை வாழ்ந்து கடந்த ஒருத்தி கற்பிக்கும்போது மாணவி கூச்சமில்லாமல் கேட்கிறாள். ஆண்கள் வழியாகவே வந்த மரபுகளில் இந்தப் பகுதி மெலிந்து கிடக்கிறது.

இன்று நாம் செய்யும் யோகா பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான், ‘பரம்பரை’ என்பது பிற்காலத்தில் ஏற்றிய பெருமை என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது என்பதால் இன்றைய வகுப்பில் கற்பிப்பதெல்லாம் திருமூலர் கொடுத்தது என்று ஆகிவிடாது. ஆனால் என் வாதத்துக்கு ஆயிரம் ஆண்டுத் தொன்மை தேவையில்லை. நான்கு தலைமுறை போதும், அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: வீட்டில் கற்றவருக்கு உடற்கூறு தெரியுமா? சிரசாசனம் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும். கண்நீர் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிற்கவைப்பது ஆபத்து. சர்வாங்காசனத்தில் கழுத்தின் மேல் விழும் பாரமும் அப்படித்தான். “எங்க பாட்டி சொல்லிக்கொடுத்தாங்க” என்பது இதற்குப் பதிலாகாது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைப்பதை நான் வரவேற்கிறேன், குடும்ப ஆசிரியர்களும் அதை எழுத வேண்டும். ஆனால் யாருக்கு எது கூடாது என்பதைத் தேர்வு சொல்லிக்கொடுக்கும். எதிரே நிற்பவர் வலியை மறைக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க அது சொல்லிக்கொடுக்காது.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா, ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில் என்று பெரிய அமைப்புகள் வேரூன்றிய மண் இது. அவற்றுக்குக் கட்டடமும் பாடத்திட்டமும் தொண்டர்களும் உண்டு. ஒரு நிறுவனர் போனாலும் ஏடு இருக்கும். வீட்டு மரபுக்கு ஏடு கிடையாது. ஒரு தலைமுறையில் இரண்டு பெண்கள் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்ப் பயிற்சியை விட்டால், அந்தக் கிளையில் அது முடிந்துபோகும். ஒருவருக்கு விருது கொடுக்கும் அரசு அவருக்குப் பின்னால் உள்ள சங்கிலியையும் கவனிக்கலாம். கோவையில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நானம்மாளிடம் நேரில் கற்றவர்கள் இன்று நம்மோடு இருக்கும்போதே, அவர் எந்த உடலுக்கு எந்த ஆசனத்தைத் தள்ளிவைத்தார், எதை எந்த வயதில் தொடங்கினார், பிரசவித்த பெண்ணை எப்போது மறுபடி விரிப்புக்கு அழைத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். கேட்கும்போது மகன்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது, மகள்களிடமும் மருமகள்களிடமும் கேட்க வேண்டும்.