சட்டிக்கு எத்தனை மீன்?

மாரி மழையில் குளங்கள் வான் பாயத் தொடங்கினால் வன்னியில் பெரியவர், சிறியவர் எல்லோரும் கரப்பும் தூண்டிலுமாக நீரோரம் நிற்பார்கள். கனகராயன் ஆறும், அது வந்து சேரும் இரணைமடுக் குளமும் எத்தனையோ வீடுகளுக்குக் காசில்லாமல் கறி கொடுக்கின்றன. சமூகவியல் படித்துவிட்டு, 2009இன் பின் மீளக்குடியமர்ந்த கிராமங்களில் பணிபுரியும் எனக்கு, ஒரு மீன் எத்தனை பிள்ளைகளின் சோற்றுக்கு உதவும் என்பது தெரியும்.

எமது மகளிர் குழுக் கூட்டமொன்றில் இந்தப் பேச்சு வந்தது. சிறுகண் வலையைப் பாவிக்க வேண்டாமென மீனவர் சங்கத்தார் சொன்னதாக, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் அக்கா ஒருவர் கொதித்தார். “தங்கச்சி, சட்டம் எழுதினவை என்ர வீட்டுச் சட்டியை வந்து பார்த்தவையே?” என்று கேட்டார்.

அக்காவின் கேள்வி நியாயமானது. விற்பனைக்கு மூட்டைக் கணக்கில் பிடிப்பவரையும், பிள்ளையின் பசிக்கு நாலு மீன் பிடிப்பவளையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் வெடியும் நஞ்சும் யாருக்கும் ஆகாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் அவற்றைத் தடைசெய்கிறது. நஞ்சு கலந்த நீரில்தான் நாம் குளிக்கிறோம்; மாடும் அதைத்தான் குடிக்கிறது. குளங்களில் வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்ற விதிக்கும் காரணம் உண்டு. மீன் ஒரு தடவையாவது குஞ்சு பொரித்த பின்னரே அகப்பட வேண்டும்.

விராலைப் பாருங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். கிட்டப் போனால் பாய்ந்து வரும். அந்தப் பாசத்தை வைத்தே அதைத் தூண்டிலில் பிடிப்போரும் உண்டு. பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், நாம் யப்பான் மீன் என்போமே, அதுவும் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காக்கிறது. காப்பவர் இல்லாத பிள்ளைகளின் நிலையை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று பேசிப்பேசிச் சில முடிவுகளுக்கு வந்தோம். அன்றைய கறிக்கும் கொஞ்சம் கருவாட்டுக்கும் போதுமானதையே எடுப்பது. குஞ்சு காக்கும் விராலைத் தொடாமல் விடுவது. கரப்பில் அகப்படும் சிறு மீனை உயிரோடு நீரில் விடுவது. விரால் கரையிலும் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். அதைத் துடிக்கத் துடிக்கச் சாம்பலில் போட்டு உரசாமல், முதலில் தலையில் அடித்துக் கொன்றுவிடுவது.

அக்காவும் உடன்பட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: “சங்கக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடச் சொல்லு.”

சகோதரிகளே, அது சலுகை கேட்பதல்ல. ஆற்றில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில், வீட்டில் உலை வைப்பவளும் இருக்க வேண்டும். தானும் சேர்ந்து போட்ட விதியை அவள் மீறமாட்டாள்; மற்றவர் மீறவும் விடமாட்டாள்.