நிறுத்தும் ஆற்றல்

எழுத்தறிவிக்கும் ஆசிரியன் முதலில் கற்பிப்பது ஒலிகளை. அடுத்துக் கற்பிப்பது ஒலியை நிறுத்தும் இடங்களை. அரபியில் சுகூன் என்னும் அடையாளமும், தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியும் இப்பணிக்கென்றே அமைந்தவை. புள்ளியை நீக்கினால் ‘மலர்’ என்பது ‘மலர’ என்றாகிப் பொருளே மாறிவிடும். இவ்விரு மொழிகளையும் நெடுங்காலம் பயிற்றிவரும் எனக்கு, கிராபீன் என்னும் பொருளைப் பற்றிப் படித்தபொழுது, பழகிய பாடமே வேறோர் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றிற்று.

பென்சிலினுள் இருக்கும் கிராபைட், கார்பன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பெற்ற பொருளாகும். அவற்றுள் ஓர் அணுவின் கனமே உடைய ஒற்றை ஏடுதான் கிராபீன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டீன் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவினால் அதனை உரித்தெடுத்து, அதன் மின்னியல்பை அளந்து 2004இல் உலகிற்கு அறிவித்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். சிலிக்கானைக் காட்டிலும் பன்மடங்கு எளிதாக எலெக்ட்ரான்கள் அதில் விரைகின்றன. அரியணை மாறும் நாள் வந்துவிட்டது என்று பலரும் எதிர்பார்த்தனர்.

ஆனால் சிலிக்கான் இன்றும் தன் இடத்திலேயே இருக்கிறது. காரணம் யாது? கணிப்பொறியின் மொழியில் இரண்டே எழுத்துகள்: ஒன்று, சுழி. மின்சாரம் ஓடினால் ஒன்று, நின்றால் சுழி. சிலிக்கானில் எலெக்ட்ரான் ஓட்டத்திற்கு வருமுன் கடக்கவேண்டிய ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.1 எலெக்ட்ரான் வோல்ட். அவ்விடைவெளியே அங்குக் கதவாகிறது. தூய கிராபீனிலோ அத்தகைய இடைவெளி இல்லை. ஆதலின் மின்னோட்டத்தைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்த இயலாது.

அந்தக் கதவை அமைக்கவே அறிஞர்கள் பாடுபடுகின்றனர். கிராபீனை மிக நுண்ணிய நாடாவாக நறுக்கினால் இடைவெளி பிறக்கிறது. ஆயினும் விளிம்பு கரடுமுரடானால் ஓட்டம் தடைப்படுகிறது. ஈரேட்டுக் கிராபீனின் குறுக்கே மின்புலம் செலுத்தினாலும் சிறியதோர் இடைவெளி தோன்றும். 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து வால்ட்டர் டி ஹீரும் சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகத்தாரும், சிலிக்கான் கார்பைடின்மேல் பிணைந்து வளர்ந்த கிராபீனில் 0.6 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி கண்டதாக வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குச் செல்ல அதற்கு இன்னும் வழியுண்டு.

பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைக் கேட்டுப் பூரிக்கும் பெற்றோரை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினானா என்று கேட்டவர் சிலரே. அச்சிலரின் கேள்விதான் இன்று உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் கேட்கப்படுகிறது.