சித்தியின் முகம்

டிஸ்னியின் படங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். பெர்க்மனையும் சத்யஜித் ரேயையும் பற்றி விடிய விடியப் பேசக்கூடியவர். அவருடைய கணக்கில் டிஸ்னி ஒரு மிட்டாய்க் கடை. தேவதைக் கதைகளின் எலும்பை உருவிவிட்டு, மிச்சத்தைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் குழந்தைகளுக்கு விற்றவர். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எட்டு வயதில் தின்ற அந்த மிட்டாய்களில் ஒன்று ஐம்பது வருஷங்களாக என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் ஏதாவது கணக்குச் சொல்லியாக வேண்டும். வெறும் ரசனையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்பதால்தான் சொந்த விஷயத்தை இழுக்கிறேன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. வருஷம் திரும்புவதற்குள் அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்தவள் அம்மாவின் தங்கை அல்ல. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த, எங்களுக்கு அதுவரை எந்த உறவும் இல்லாத ஒரு பெண். இருந்தாலும் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் நம் பாஷையில் ஒரே சொல்தான். இந்தச் சொல்லுக்குள் ஒரு சமாதானம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அந்தச் சமாதானம் இல்லை. அங்கே அந்த உறவுக்குரிய சொல்லைக் கேட்டதும் குழந்தை பயப்பட வேண்டும் என்பது கதைகளின் ஏற்பாடு.

எழுபதுகளின் நடுவில், மதுரையில் ஆங்கிலப் படங்கள் போடும் தியேட்டர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குச் சித்தி என்னை அழைத்துப் போனாள். படம் 'ஸ்நோ ஒயிட்'. அவளுக்கும் ஆங்கிலம் தெரியாது, எனக்கும் தெரியாது. பொம்மைப் படம், பிள்ளை சந்தோஷப்படும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அவள் மடியில் கையை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். ராணி நிலவறைக்குள் இறங்கி, கிண்ணத்தில் கலந்ததைக் குடித்து, தன் கைகள் கொம்பு கொம்பாக மாறுவதைத் தானே பார்த்துக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொள்கிறாளே, அந்த இடம் வரையில் கை மடியில்தான் இருந்தது. மறைத்த முகம் திறந்தபோது கையை எடுத்துவிட்டேன். நான் எடுத்ததை அவள் கவனித்தாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

படம் விட்டதும் வாசலில் கொய்யாப்பழம் வாங்கினாள். ஆப்பிள் எல்லாம் அன்று காய்ச்சல்காரர்களுக்கு வாங்குகிற பொருள். "தின்னு ராசா" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. பையில் போட்டுக்கொண்டாள். அன்று இரவு சோற்றையும் நான் அளைந்துகொண்டே இருந்தேன், மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். தட்டை என் முன்னால் வைக்குமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "உப்புப் பாக்குறேன்" என்றாள். நான் ஒன்பதாவது வகுப்புக்குப் போகிறவரையில் அந்த உப்புப் பார்ப்பது நிற்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி விமர்சனம்.

1937 டிசம்பர் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இந்தப் படத்துக்கு, முடிவதற்கு முன்பே 'டிஸ்னியின் முட்டாள்தனம்' என்று திரையுலகம் பெயர் வைத்திருந்தது. சுமார் பதினைந்து லட்சம் டாலர் செலவு. எண்பத்து மூன்று நிமிஷம் ஜனங்கள் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பார்களா என்பது கேள்வி. பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்றால், ஏழு குள்ளர்களின் சேஷ்டைகளுக்காக மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். ஸ்நோ ஒயிட்டின் முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை. இளவரசன் அட்டைக்குச் சமானம். படம் தன் முழு உயிரையும் ராணிக்குத்தான் கொடுத்திருக்கிறது. சிறையில் எலும்புக்கூடு ஒன்று தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டியபடி கிடக்கிறது. கிழவி அந்தக் குவளையை உதைத்துச் சிதறடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறாள். கதைக்கு இந்த இடம் தேவையே இல்லை. ஆனால் இதைப் போட்ட கை கலைஞனுடைய கை. ஆப்பிளைக் கடிக்கிற கணத்தில் பெண்ணின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது கிழவியைத்தான். பிறகு தரையில் விழும் ஒரு கை, உருண்டு போகும் பழம். இப்படிச் சொல்லாமல் விடத் தெரிந்தவர்களை மிட்டாய்க்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ராணிக்கும் கிழவிக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, லூசில் லா வெர்ன் என்கிற நடிகை. ஆனால் வரைந்தவர்கள் வேறு. ராணியை வரைந்தவர் ஆர்ட் பாபிட், கிழவியை வரைந்தவர் நார்மன் ஃபெர்குஸன். அதாவது ஒரே பெண்ணுக்கு இரண்டு கைகள் இரண்டு உடம்புகள் செய்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு அயோத்தி ஞாபகம் வந்தது. நம் காவியத்திலும் சிற்றன்னை ஒருத்தி இருக்கிறாள். கூனியும் இருக்கிறாள். ஆனால் அவர்கள் இரண்டு பேர். கைகேயி அழகாகவும் அன்பாகவும் இருந்தவள், கெட்டாள். கெட்ட பிறகும் அவள் முதுகு வளையவில்லை. கோணல் முழுவதையும் சுமக்க வேறொரு உடம்பு அங்கே இருந்தது. டிஸ்னியின் ராணிக்கு அந்த வசதி இல்லை. அவளே தன் கூனியாகவும் ஆக வேண்டியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதனால் கிடைக்கிற பாடம் ஒன்றே: நல்ல முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் ஒளிந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கிற முகத்தை நான் வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்?

பல வருஷங்கள் கழித்து ஒரு தகவல் தெரிய வந்தது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் அந்த ராணி மாற்றாந்தாயே அல்ல, பெற்ற தாய். பனி போன்ற குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவளும், அந்தக் குழந்தையைக் கொல்லச் சொன்னவளும் ஒருத்தியேதான். 1819ஆம் வருஷப் பதிப்பில்தான் தாய் பிரசவத்தில் இறக்கிறாள், மாற்றாந்தாய் உள்ளே வருகிறாள். தாய் என்கிற பிம்பத்துக்குக் கறை படக்கூடாது என்று, அந்தக் கறையைத் துடைத்து வேறொருத்தி மேல் பூசியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கையை மடியிலிருந்து எடுக்க வைத்தது ஏதோ ஆதி பயம் என்று அதுவரையில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பதிப்பாசிரியரின் திருத்தம் அது.

'சின்ட்ரெல்லா' 1950இல் வந்தது. யுத்தம் முடிந்து கடனில் மூழ்கியிருந்த டிஸ்னி நிறுவனத்தைக் கரையேற்றிய படம். கலை என்ற அளவில் 'ஸ்நோ ஒயிட்'டுக்கு ஒரு படி கீழே வைக்க வேண்டியதுதான். எலிகளுக்கும் பூனைக்கும் நேரத்தை வாரி இறைத்திருக்கிறார்கள். நடிகர்களை முதலில் நடிக்கவைத்துப் படமெடுத்து அதைப் பார்த்து வரைந்ததால் கோடுகளில் ஒரு எச்சரிக்கை தெரிகிறது. பழைய துணிச்சல் இல்லை. ஆனால் லேடி ட்ரெமெய்ன் என்கிற அந்த மாற்றாந்தாயின் விஷயத்தில், அந்த எச்சரிக்கையே பலமாகிவிட்டது. அவளிடம் மந்திரம் கிடையாது. அவள் எதுவாகவும் மாறுவதில்லை. அரையிருட்டில் கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். விருந்தில் கேட்ட மெட்டைச் சின்ட்ரெல்லா தன்னை மறந்து முணுமுணுப்பதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் புரிந்துகொள்கிறாள். சத்தமில்லாமல் மாடிப்படி ஏறி வருகிறாள். தலை வாரிக்கொண்டிருக்கும் பெண், கதவைப் பூட்டப் போகிறவளைக் கண்ணாடியில்தான் முதலில் பார்க்கிறாள். 1937இல் கண்ணாடி சித்தியோடு பேசியது. 1950இல் சித்தியைப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்தக் கொடுமைக்கு ஒரு சாவியும் ஒரு சட்டைப் பையும் போதும். எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

இந்தப் படத்தை என் மகளுக்காக வீடியோ கேசட்டில் கொண்டுவந்தேன், தொண்ணூறுகளின் நடுவில். அப்பா அப்போது இல்லை. சித்தி எங்களோடு இருந்தாள். பேத்திக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு உள்ளூர உதறல். படத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். கேசட் முடிந்ததும் சித்தி கேட்டாள்: "இவளுக்கு ரெண்டு பொண்ணுகளக் கரையேத்தணுமில்ல? புருஷனும் போயிட்டான். அவளுந்தான் என்ன செய்வா?" பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனாலும் செருப்பை உடைச்சிருக்கக் கூடாது" என்றாள்.

டிஸ்னியைப் பற்றி நான் படித்திருக்கிற கட்டுரைகளில் இதற்கு இணையான வாக்கியத்தைச் சந்தித்ததில்லை. லேடி ட்ரெமெய்ன் மனுஷியாகவே விடப்பட்டதால்தான் சித்தியால் அவளோடு வாதாட முடிந்தது. கிழவியோடு வாதாட முடியாது. பாறையோடு சேர்த்து அவளை மலையிலிருந்து தள்ளத்தான் முடியும். டிஸ்னியின் ஆட்கள் கற்றதைப் பிறகு மறந்தார்கள். 1959இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'. ஐவிண்ட் ஏர்ல் தீட்டிய பின்னணிகள், இடைக்காலத்துத் திரைச்சீலை போல ஒவ்வொரு இலையும் தனித்தனியாக. அழகு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதல். ட்ரெமெய்னுக்குக் குரல் கொடுத்த எலினார் ஆட்லிதான் இதில் மேலிஃபிசெண்டுக்கும் குரல். ஆனால் குரல் அதே குரலாக இருந்தும் ஆள் மாறிவிட்டாள். விருந்துக்கு அழைக்கவில்லை என்பது தவிர அவளுக்கு வேறு காரணம் கிடையாது. கடைசியில் டிராகனாகிச் சாகிறாள். 1937இல் கிழவி, 1959இல் டிராகன். நடுவில் ஒருத்தி மட்டும் பெண்ணாகவே இருந்துவிட்டுப் போனாள்.

இந்த மூன்றுக்கும் முந்தியது லோட்டே ரைனிகர் 1922இல் செய்த 'அஷென்புட்டல்', அதாவது சின்ட்ரெல்லா. சில நிமிஷங்களே ஓடும் மௌனப்படம். கறுப்பு அட்டையில் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து விளக்கேற்றிய கண்ணாடிப் பலகையில் கிடத்தி, ஒவ்வொரு அசைவாக மேலிருந்து படம் பிடிப்பது அவர் முறை. இதே முறையில்தான் 1926இல் 'இளவரசன் அஹமதின் சாகசங்கள்' வந்தது; இன்றைக்கு எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் அதுவே மூத்தது. 'அஷென்புட்ட'லின் தொடக்கத்தில் கத்தரிக்கோலும் கைகளுமே தெரிகின்றன. உருவங்கள் நம் கண்முன் வெட்டப்படுகின்றன. இது அட்டை, இதை ஒரு கை வெட்டியது என்று படம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. எனக்கு எட்டு வயதில் யாரும் சொல்லாதது இது.

ரைனிகரின் உருவங்களுக்கு முகத்தின் உட்பக்கம் கிடையாது. நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஒரு விளிம்பு. உள்ளே முழுக்கக் கறுப்பு. அழகி, அழகில்லாதவள் என்று விளிம்பில் வித்தியாசம் உண்டுதான். ஆனால் கறுப்பு எல்லோருக்கும் ஒரே கறுப்பு. ஒருத்தியை அறிய அவள் கையைப் பார்க்க வேண்டும், அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்தைத் திறந்து காட்டித் தீர்ப்புச் சொல்லும் வித்தை இங்கே செல்லாது. என்னை ஒரு வரிசை போடச் சொன்னால், இந்தக் காரணத்தால் ரைனிகரை முதலில் வைப்பேன். இரண்டாவது 'சின்ட்ரெல்லா', அந்தச் சாவிக்காக. மூன்றாவது 'ஸ்நோ ஒயிட்'. அதன் ஆற்றலை நான் அறிவேன், அதனால்தான் மூன்றாவது. நண்பர் இதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. 'ஸ்நோ ஒயிட்'டில் தகப்பன் வருவதேயில்லை. 'சின்ட்ரெல்லா'வில் தாயில்லாப் பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்று மறுமணம் செய்துவிட்டுத் தொடக்கத்திலேயே செத்துப்போகிறான். கிரிம் கதையில் அவன் உயிரோடு இருக்கிறான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல். எங்கள் வீட்டிலும் அப்பா உயிரோடு இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தட்டிலிருந்து சித்தி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். எதற்கு என்று அவர் அவளைக் கேட்டதில்லை. என்னையும் கேட்டதில்லை.

சித்தி 2009இல் இறந்தாள். கடைசி இரண்டு மாதம் கஞ்சிதான். நான்தான் ஊட்டினேன். ஒரு நாள், ஏன் என்று தெரியாமல், முதல் கரண்டியை நான் குடித்துப் பார்த்தேன். "உப்பு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வாயைத் திறந்தாள்.